எதிர்மறை எண்ணங்களுக்கு எந்தப் பழக்கம் பொருந்தும்? தேர்ந்தெடுக்குமுன் ஓர் ஒப்பீடு

மனத்தை அரிக்கும் எண்ணங்களுக்கு எதிராக நல்ல பழக்கம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இன்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்வார் ஒருவர். விடியற்காலையில் தியானத்தில் அமரச் சொல்வார் இன்னொருவர். நடந்தாலே போதும் என்பார் வேறொருவர். கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோரின் மருத்துவச் சந்திப்புகள் என்று நாள் முழுவதும் பங்கு போடப்பட்டுவிடும் சிங்கப்பூர் வாழ்க்கையில் இவை அனைத்தையும் செய்துபார்க்க யாருக்கும் பொழுதில்லை. ஒரு நாளில் அரை மணி நேரத்தை ஒதுக்க முடிந்தாலே பெரிது. அந்த அரை மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பழக்கம் உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, தம்முடைய எதிர்மறை எண்ணம் நாளின் எந்தப் பொழுதில், எந்த வடிவில் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்து, அதற்குப் பொருந்துகிற பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே பலன் தரும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் சுழலும் கவலையும், மேலாளர் முகம் சுளித்ததும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று மனம் வழங்கும் தீர்ப்பும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணம் தெரியாமல் கவியும் வெறுமையும் ஒன்றல்ல. மூன்றுக்கும் ஒரே மருந்து என்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

நல்லதைவிடக் கெட்டதே மனத்தில் வலுவாகப் பதிகிறது என்பதை ராய் பௌமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும், அதுவரை வந்திருந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2001ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். பத்துப் பேர் பாராட்டியது மறந்துபோய், ஒருவர் குறை சொன்னது மட்டும் இரவெல்லாம் காதில் ஒலிப்பது யாருடைய தனிப்பட்ட பலவீனமும் அல்ல. சரி, அந்த எண்ணத்தை விரட்டிவிடலாமே என்றால், அதுவும் எளிதில் நடப்பதில்லை. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகமாகவே அதை நினைத்தார்கள். ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதம்மா’ என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் அறிவுரை பலிக்காமல் போவது இதனால்தான். எண்ணத்தை அடக்குவது வழியல்ல என்றால், அதை நேருக்கு நேர் நிறுத்தி உண்மையா என்று சோதிக்கலாம். அல்லது மனத்துக்கும் உடலுக்கும் வேறு வேலை கொடுக்கலாம். ஒப்பிடவிருக்கும் பழக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் செய்கின்றன.

கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்ளும் தன்னூக்க வாசகங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் தம் சகாக்களோடு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவர்’ என்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டவர்களில், ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்திருந்தவர்களுக்குச் சிறிதளவு நன்மை கிடைத்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். சொல்லும் ஒவ்வொரு முறையும் ‘இது பொய்’ என்று உள்ளே ஒரு குரல் மறுத்துக்கொண்டிருந்தால், அந்த மறுப்புதான் மனப்பாடமாகும். அதிகம் தேவைப்படுகிறவரையே காயப்படுத்தக்கூடிய ஒன்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நன்றிக் குறிப்பு அதைவிட எவ்வளவோ மேல். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட முதல் சோதனையில் பங்கேற்றவர்கள், வாரத்துக்கு ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை, பத்து வாரம் எழுதினார்கள். அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட அவர்கள் தம் வாழ்க்கையைக் குறித்து நிறைவாக உணர்ந்தார்கள். வாரம் ஒருமுறை என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று மூன்று சொல்லை இயந்திரம்போல் நிரப்பும் வேலையாக அது தேய்ந்துவிடும். ‘பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக் வரை என்னையும் தன் குடைக்குள் நடக்க வைத்த ஒன்பதாம் மாடி மலாய் மாது’ என்று ஒரே ஒரு வரி எழுதினாலும் அதில் அந்த நாள் இருக்கும். அதை எழுத வேண்டுமென்றால் அந்த நாளைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். ஆனாலும் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ‘உனக்கென்ன குறைச்சல்? வீடு இருக்கு, வேலை இருக்கு, படிக்கிற பிள்ளைங்க இருக்கு’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஏற்கெனவே மனம் தாழ்ந்து கிடப்பவர் நன்றிப் பட்டியல் எழுத உட்கார்ந்தால், ‘இவ்வளவு இருந்தும் எனக்கேன் இப்படி’ என்ற குற்றவுணர்வுக்கே அது ஆதாரமாகிவிடலாம். பொதுவாக நன்றாக இருப்பவர் தம் கவனத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள இது ஏற்றது. துயரில் இருப்பவருக்கு முதல் பழக்கமாக இதைச் சொல்லமாட்டேன்.

எழுத்தில் இன்னும் இரண்டு வகை உண்டு. பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, உள்ளே கிடப்பதைக் கொட்டி எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்க்கையின் மிகப் பெரிய வேதனையைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனநிலை இன்னும் தாழ்ந்தது. ஆனால் நிகழ்வோடு அதைப் பற்றிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் சுகாதார நிலையத்துக்குச் சென்றது குறைந்தது. தந்தையின் மரணம், மணமுறிவு, திடீர் வேலையிழப்பு என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு காயம் இருப்பவருக்கு நான்கு நாள் எழுத்து பொருத்தமானது. தினசரிப் பழக்கமாக அது ஏற்றதல்ல. எதையும் திரும்பத் திரும்ப நினைத்து வருந்தும் இயல்புள்ளவர் நாள்தோறும் கொட்டி எழுதினால், மனத்தில் நடந்த புலம்பல் தாளுக்கு இடம் மாறியதாகவே முடியும்.

மற்றது, எண்ணத்தை விசாரித்து எழுதுவது. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர், தம்மிடம் வந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் ஒரு நொடியில் மின்னிப்போகும் எண்ணம் ஒன்று இருப்பதைக் கவனித்தார். தானாக எழும் அந்த எண்ணத்தை அவர்கள் எண்ணம் என்றே உணராமல் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அதைப் பிடித்து எழுதிச் சோதிக்கும் முறை அவருடைய சிகிச்சையின் மையமாயிற்று. தெம்பனிசில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரின் குறிப்பேட்டில் அது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துபார்ப்போம். 

நடந்தது: ‘காலை 10.20. குழுவில் எல்லாருக்கும் வந்த கூட்ட அழைப்பு எனக்கு வரவில்லை.’ எழுந்த எண்ணம்: ‘என்னை ஓரங்கட்டுகிறார்கள். அடுத்த ஆட்குறைப்பில் நான்தான். நம்பிக்கை: 80 விழுக்காடு.’ ஆதரவாக இருப்பது: ‘போன வருடம் பக்கத்துப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது.’ எதிராக இருப்பது: ‘கூட்டம் நான் கையாளாத கணக்கைப் பற்றியது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி கொடுக்கப் போன வாரம் என்னைத்தான் கேட்டார்கள்.’ இதையெல்லாம் பார்த்தபின் எழுதும் மாற்று வரி: ‘எனக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. மதிய உணவுக்குப் பிறகு கேட்கலாம். நம்பிக்கை: 40.’

அந்தக் கடைசி வரியில் இனிப்பே இல்லை என்பதைப் பாருங்கள். ‘எல்லாரும் என்னை மதிக்கிறார்கள்’ என்று அது சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது, செய்யக்கூடிய அடுத்த காரியம் ஒன்றைச் சொல்கிறது. 80 என்பது 40 ஆனதே பெரிய மாற்றம், அது பூஜ்ஜியம் ஆக வேண்டியதில்லை. எதிர்மறை எண்ணத்துக்கு எதிராக நிறுத்த வேண்டியது நேர்மறை எண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். சரியான எண்ணத்தை நிறுத்தினால் போதும் என்பதே இந்த முறையின் சாரம். உடனே நம்ப முடிகிற ஒன்றைத்தான் மனம் ஏற்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது தனிமை. மூவறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்தில் மேசை மேல் கிடக்கும் குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். அந்த அச்சம் இருந்தால் உண்மையை எழுத முடியாது. கடவுச்சொல் போட்ட கைத்தொலைபேசிக் குறிப்பே பலருக்குப் பாதுகாப்பானது. எண்ணம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே, தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் கலந்தே, எழுதிவிடலாம். இரண்டாவது நிபந்தனை பொழுது. பகலில் ஒரு நிகழ்வைத் தொட்டுக்கொண்டு வரும் எண்ணத்துக்கே இந்த விசாரணை உதவும். நள்ளிரவில் களைத்துப்போன மூளை சான்றுகளை எடைபோடும் நிலையில் இருப்பதில்லை. செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றித்தான் வரும்.

அந்த நள்ளிரவுக் கவலைக்குத் தனியாக ஒரு பழக்கம் இருக்கிறது. தாமஸ் பார்க்கவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் சோதித்துப் பார்த்த முறை அது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் ‘உனக்கு ஏழரை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்’ என்று தள்ளிவைக்க வேண்டும். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும், வெள்ளைக் கரடிச் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எண்ணத்தை அடக்குவது வேறு, அதற்குத் தவணை சொல்வது வேறு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு உணவு மேசையில் அமர்ந்து, மகனின் தேர்வு, வீட்டுக் கடன், அம்மாவின் முழங்கால் என்று ஒவ்வொன்றாக எழுதி, அதில் நாளை செய்யக்கூடியது எது என்று குறித்துவிட்டு எழுந்துவிடலாம். படுக்கையறையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

இனி, நான் பெரும்பாலோருக்கு முதலில் பரிந்துரைப்பது: எண்ணத்தைத் தொடாமல் செயலைத் தொடுவது. மனம் சோர்ந்தால் வெளியே போவது குறைகிறது, போகாததால் சந்தோஷம் தரும் சந்தர்ப்பங்கள் குறைகின்றன, அதனால் மனம் இன்னும் சோர்கிறது என்ற சுழலை உளவியலாளர் பீட்டர் லூவின்சன் 1970களில் விளக்கினார். மனம் சரியாகட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பவர் அந்தச் சுழலுக்குள்ளேயே இருப்பார். நீல் ஜேக்கப்சனின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மனச்சோர்வு நோயுற்றவர்களில் ஒரு பிரிவினருக்குப் பெக்கின் சிகிச்சை முழுமையாகவும், இன்னொரு பிரிவினருக்கு அதிலிருந்து செயல்பாட்டைக் கூட்டும் பகுதி மட்டும் தனியாகவும் அளிக்கப்பட்டன. செயல்பாடு மட்டும் பெற்றவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. எண்ணத்தோடு வாதாடத் தெம்பில்லாதவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

செயல் என்றதும் சிங்கப்பூரில் மிக எளிதாகக் கிடைப்பது நடை. பூங்கா இணைப்புப் பாதைகள் தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. பழைய மலாயா ரயில் பாதை இருந்த இடத்தில் 24 கிலோமீட்டர் ரயில் பசுமைப் பாதை இருக்கிறது. செங்காங், பொங்கோல் பக்கம் இருப்பவர்களுக்குப் பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர் ஓடுகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றாலே 150 வந்துவிடும். எங்கே நடக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஸ்டான்ஃபர்டில் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்குத் தம்மைப் பற்றியே நினைத்து உழலும் போக்கு குறைந்தது. வாகனங்கள் விரையும் சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே பெருஞ்சாலையோரமாக எம்ஆர்டி நிலையத்துக்கு விரைவதை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல், மரங்களும் நீரும் உள்ள பாதையைத் தேடிப் போவது நல்லது.

நடையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தனியாக, தலையைக் குனிந்துகொண்டு, காலையில் நடந்த சண்டையை அசைபோட்டபடியே ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடவும் முடியும். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்வது இதற்கு நல்ல தடுப்பு. துணை இல்லையென்றால் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுக்க வேண்டும். விடியுமுன்பே கூவத் தொடங்கிவிடும் குயில், நீர்வழிகளில் குடும்பமாக நீந்தும் நீர்நாய்கள், பாதையைக் கடக்கும் காட்டுக்கோழி என்று இந்த நகரத்தில் பார்க்கவும் கேட்கவும் குறைவில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. எனவே வெயிலைத் தவிர்க்க மாலை ஆறரைக்குக் கிளம்பலாம். ஆண்டு இறுதி மழைக்காலத்துக்கு, புளோக்குகளை இணைக்கும் கூரையிட்ட நடைபாதைகளிலேயே நடப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைக்காவிட்டால் டிசம்பரில் பழக்கம் விட்டுப்போகும்.

நடை எல்லாருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுவதும் கட்டுமானத் தளத்தில் உழைத்துவிட்டுத் தங்குவிடுதிக்குத் திரும்பும் தம்பிக்கு ‘தினமும் நடங்கள்’ என்பது அர்த்தமற்ற அறிவுரை. அவருக்கு உடலுழைப்பில் குறைவில்லை. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வாங்கிய கடனும் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புமே அவர் தூக்கத்தைக் கெடுக்கின்றன. பலரோடு பகிரும் அறையில் எழுதுவதற்கான தனிமையும் இல்லை. அவர் படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடியது, சீரான மூச்சோடு இணைந்த ஜபம். லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்க ஜெபமாலையைச் சொன்னபோதும் யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் சீரடைந்தது. நாமஜபமோ, திக்ருவோ, ஜெபமாலையோ, சிறு வயதிலிருந்து நாவில் ஊறியது எதுவோ அதை நிதானமாகச் சொல்லலாம். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கடன், சம்பளம், உடல்நலம் பற்றிய கவலை முற்றினால், வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தரும் ஹெல்த்சர்வ் அமைப்பை நாடுவதில் கூச்சப்பட வேண்டாம்.

முறையான தியானப் பயிற்சி வேறு தரத்தது. ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் 1979இல் தொடங்கிய பயிற்சி எட்டு வாரம் நடக்கும். அதை அடிப்படையாகக் கொண்டு உருவான சிகிச்சைமுறை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு நோயுற்று மீண்டவர்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான சோதனை காட்டியது. மீண்டவருக்கு இது காப்பு. ஆனால் எண்ணங்கள் கொந்தளித்துக்கொண்டிருக்கும் வேளையில், வழிகாட்டி இல்லாமல், முதல் முறையாகக் கண்ணை மூடி அமர்வதைக் காட்டிலும் எழுந்து நடப்பது பாதுகாப்பானது என்பது என் துணிபு.

மனம்விட்டுப் பேசுவதையும் ஒரு பழக்கமாகச் சொல்வார்கள். இளையர்களின் நட்பை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் 2002இல், ஒரே பிரச்சினையை இருவர் சேர்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் நட்பு நெருக்கமாகிறது, கூடவே சோர்வும் பதற்றமும் கூடியிருக்கின்றன என்று காட்டினார். தினமும் இரவில் அக்காவுக்கு அழைத்து மாமியாரைப் பற்றிப் பேசுவது இந்த வகைதான். அதே அக்காவோடு சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் நெருக்கமும் கிடைக்கும், மனமும் வேறு பக்கம் திரும்பும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதில் ஒரு தவறான கணக்கு உலவுகிறது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. நான்காம் வாரத்தில் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று கைவிடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்த ஒப்பீடு பொருந்தாத நிலை ஒன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வழக்கமாகப் பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால், அது பழக்கத்தால் மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ அதைச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே, அந்த மணியே, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பை 1767 என்ற எண்ணிலோ மனநலக் கழகத்தை 6389 2222 என்ற எண்ணிலோ அழைக்க வேண்டும். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வில், வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகுபவர்கள் ஏழு பேரில் ஒருவர் என்று தெரியவந்தது. நம் உறவு வட்டத்தில் ஒரு திருமணத்துக்கு எத்தனை பேர் கூடுகிறோம் என்று நினைத்துப் பார்த்தால், இதை மூடிமறைப்பதில் பொருளில்லை என்பது புரியும்.

அந்த நிலைக்குப் போகாத, ஆனால் நாளெல்லாம் ஏதோ ஓர் எண்ணம் அரித்துக்கொண்டிருக்கிற, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் அரை மணி நேரம் மட்டுமே கையில் வைத்திருக்கிற ஒருவர் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வாரத்தில் மூன்று மாலை, ஒரு துணையோடு, மரங்கள் உள்ள பாதையில் நடை. மற்ற இரண்டு நாளின் அரை மணி நேரம், அந்த வாரத்தில் அதிகம் குத்திய ஓர் எண்ணத்தை எடுத்து விசாரித்து எழுதுவதற்கு. தூக்கம் கெடுவதுதான் முதன்மைச் சிக்கல் என்றால், எழுதும் அந்த இரண்டு நாளுக்குப் பதிலாக நாள்தோறும் ஏழரை மணிக்குக் கவலை நேரம் வைத்து, நடையைச் சற்றே சுருக்கிக்கொள்ளலாம். நன்றிக் குறிப்பு விருப்பமானால் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஐந்து வரி. இவற்றுக்கு மேல் எதையும் முதல் பத்து வாரத்தில் சேர்க்க வேண்டாம். பத்தாவது வாரம் முடிந்ததும், முதல் வாரத்துக் குறிப்பில் 80, 90 என்று போட்ட எண்ணங்கள் இப்போது வரும்போது எத்தனை என்று போடத் தோன்றுகிறது என்று பார்க்கலாம். எண் அசையவே இல்லையென்றால், பழக்கத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு ஓர் ஆலோசகரைச் சந்திக்க நாள் குறிப்பதே அடுத்த படி.